சேற்றில் சிக்கிய வண்டியும் கழற்றி மாட்டும் வின்ச்சும்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், வடக்கு நோக்கி நீட்டிய விரல்போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் யார்க் தீபகற்பம். 19ஆம் நூற்றாண்டில் அங்குத் தந்திக் கம்பி இழுப்பதற்காகக் காட்டை வெட்டி ஒரு வழி அமைத்தார்கள். தந்தியின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் செம்மண் தடம் மறையவில்லை. பாலம் இல்லாத ஓடைகள், செங்குத்தான கரைகள், கால் வைத்தால் வழுக்கும் சேறு ஆகியவற்றைக் கடந்து செல்வதற்கென்றே பலர் அங்கே வருகிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் ஜீப் வகை வண்டிகளே அங்கு ஓட முடியும்.

அத்தகைய ஓடை ஒன்றில் ஒரு வண்டி இறங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சரிவில் வழுக்கிக் கீழே போன வண்டியின் சக்கரங்கள் சேற்றில் முழுவதும் புதைந்துவிட்டன. முன்னே மொட்டைக் கரை. பிடித்து இழுக்க ஒரு மரம்கூட இல்லை. பின்னால், இறங்கி வந்த கரையின் மேல், 9 மீட்டர் தொலைவில் உறுதியான மரம் ஒன்று நிற்கிறது. வண்டியில் வின்ச் இருக்கிறது. ஆனால் அது முன்பக்கத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் என்ன பயன்? அது முன்நோக்கி மட்டுமே இழுக்கும்!

நல்ல வேளையாக, நம் வண்டியின் வின்ச் கழற்றி மாட்டக்கூடியது. அதைப் பின்பக்கம் மாட்டி வண்டியை மீட்டுவிடலாம். மீட்பதற்கு முன், அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது, அதன் விசை எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்போமா? இந்தக் கணக்கைப் போடாமல் விசையை முடுக்கினால், வண்டி மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும்.

வின்ச் என்பது என்ன?

கிணற்றில் கயிற்றைக் கையால் இழுக்கிறோம். கயிற்றின் நுனியை ஓர் உருளையில் கட்டி, அந்த உருளையைக் கைப்பிடியால் சுற்றினால் கயிறு உருளையில் சுற்றிக்கொண்டு வாளி மேலே வரும். இதுதான் வின்ச்சின் தத்துவம். வண்டியில் உள்ள வின்ச்சில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு மின்மோட்டார் இருக்கிறது. பொழுதுபோக்குப் பயணம் செய்வோரின் வண்டிகளுக்கான மின்வின்ச்சை அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன.

மின்மோட்டார் வேகமாகச் சுழலும். ஆனால் அதன் திருப்புவிசை குறைவு. நமக்கு வேண்டியதோ நேர்மாறானது: மெதுவான சுழற்சி, பெரிய விசை. இந்த மாற்றத்தைப் பற்சக்கரங்கள் செய்கின்றன. ஒரு பற்சக்கரத் தொகுதி வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் போன்ற மூன்று தொகுதிகளை அடுத்தடுத்து இணைத்தால் 6 × 6 × 6 = 216. மோட்டார் 216 முறை சுழன்றால் உருளை ஒரே ஒரு முறை சுழலும். உராய்வில் வீணாவது போக, திருப்புவிசை அந்த அளவுக்குப் பெருகிவிடும். உள்ளங்கையில் அடங்கும் பற்சக்கரங்களைக் கொண்டு ஒரு வண்டியை இழுக்கும் இரகசியம் இதுதான்.

சதுரக் குழாயும் குறுக்காணியும்

படகையோ சரக்கு ஏற்றிய தொடர்வண்டியையோ பின்னால் கட்டி இழுக்கும் மோட்டார் வண்டிகளில், சட்டத்தின் பின்முனையில் சதுர வடிவக் குழாய் ஒன்று பொருத்தியிருப்பார்கள். இதற்கு ரிசீவர் என்று பெயர். பெரும்பாலும் இதன் உள்வாய் ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 51 மில்லிமீட்டர் இருக்கும். இதற்குள் பொருந்தும் சதுரத் தண்டைச் செருகி, 16 மி.மீ. தடிமனுள்ள ஓர் எஃகு ஆணியைக் குறுக்கே நுழைத்துவிட்டால் இணைப்பு முடிந்தது. நம் மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று போகாமல் காக்கும் கடையாணியைப் போன்றதுதான் இந்தக் குறுக்காணியும்.

கழற்றி மாட்டும் வின்ச், இத்தகைய சதுரத் தண்டு பற்றவைக்கப்பட்ட ஓர் எஃகுத் தாங்கியின்மேல் அமர்ந்திருக்கிறது. வண்டியின் முன்புறமும் இதே போன்ற சதுரக் குழாயைப் பொருத்திவிட்டால், வேண்டியபோது முன்னால், வேண்டியபோது பின்னால் என்று ஒரே வின்ச்சைப் பயன்படுத்தலாம். கூட வரும் நண்பரின் வண்டியிலும் மாட்டலாம். தேவையில்லாத நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். வெயில், மழை, சேறு, திருட்டு எதுவும் அதைத் தொடாது. வண்டியின் மூக்கில் எப்போதும் ஒரு பாரம் தொங்கிக்கொண்டிருப்பதும் இல்லை.

ஆனால் வசதி எதுவும் விலையில்லாமல் வருவதில்லை. தாங்கியோடு சேர்த்து இந்த வின்ச் 40 அல்லது 50 கிலோகிராம் எடை இருக்கும். முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு அதைத் தூக்கி, சேறு அடைத்த குழாய்க்குள் செருகுவது எளிதன்று. எனவே அனுபவமுள்ளவர்கள் ஓடையில் இறங்குவதற்கு முன்பே, எந்தப் பக்கம் தேவைப்படும் என்று எண்ணிப்பார்த்து மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது விலை இன்னும் முக்கியமானது. நிலையான வின்ச்சில் இல்லாத ஒரு புதிய இணைப்பு, விசையின் வழியில் வந்து சேர்கிறது. அது தாங்குமா?

இழுப்பது யார்? இழுபடுவது யார்?

நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்திருக்கிறீர்கள். வின்ச் மரத்தை 3,000 கிலோகிராம் எடை அளவுள்ள விசையோடு இழுத்தால், மரமும் வின்ச்சை அதே 3,000 கி.கி. விசையோடு இழுக்கும். (இக்கட்டுரையில் கி.கி. விசை என்பது அத்தனை கிலோகிராம் எடைக்குச் சமமான விசை, ஒரு கி.கி. விசை ஏறத்தாழ 9.8 நியூட்டன்.) மரம், மரத்தைச் சுற்றிய பட்டை, லாட வடிவ இணைப்பு, கொக்கி, வடம், உருளை, தாங்கி, குறுக்காணி, சதுரக் குழாய், அதை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகள், வண்டியின் சட்டம் ஆகிய எல்லாவற்றிலும் அதே 3,000 கி.கி. பாய்கிறது. தேர் வடத்தில் எந்த இடத்தைப் பிடித்தாலும் இழுப்பு தெரிவதைப் போல.

சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே ஆகும். வின்ச்சின்மேல் 4,300 கி.கி. என்று எழுதியிருப்பது மோட்டாரும் பற்சக்கரங்களும் தரக்கூடிய விசை. மற்ற கண்ணிகளும் அதைத் தாங்கும் என்பதற்கு அது உறுதிமொழி ஆகாது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சதுரக் குழாயில் ‘3,500 கி.கி. தொடர்வண்டி இழுக்கலாம்’ என்று குறித்திருந்தால், 3,500 கி.கி. விசையைத் தாங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். சமமான தார்ச்சாலையில் உருளும் வண்டியை ஒரே வேகத்தில் இழுக்க, அதன் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு விசையே போதும். அதாவது 3,500 கி.கி. தொடர்வண்டிக்கு 35 முதல் 70 கி.கி. வரை. மேடு ஏறும்போதும் பிரேக் போடும்போதும் குலுங்கும்போதும் விசை பல மடங்கு கூடும் என்பதால், குழாயை அதற்கேற்ற வலிமையோடுதான் செய்கிறார்கள். ஆயினும் உருளும் வண்டியின் எடையும் வின்ச்சின் இழுவிசையும் வெவ்வேறு அளவுகள். குழாயைச் செய்தவர், தாங்கியைச் செய்தவர், வடத்தைச் செய்தவர் ஆகியோர் கூறும் இழுவிசை எல்லைகளில் எது சிறியதோ, அதுவே நம் எல்லை.

எவ்வளவு விசை வேண்டும்?

சேற்றில் சிக்கிய வண்டிகளை மீட்க அமெரிக்க இராணுவத்தின் கையேடுகள் ஓர் எளிய கணக்கைக் கற்பிக்கின்றன. சக்கரங்கள் முழுகும் அளவு புதைந்திருந்தால், வண்டியின் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மூன்று மடங்கு.

நம் வண்டி சாமான்களோடு சேர்த்து 2,500 கி.கி. இருக்கட்டும். சக்கரங்கள் புதைந்துள்ளன, எனவே 2,500 கி.கி. விசை. அத்துடன் வந்த சரிவிலேயே மேலே ஏற வேண்டும். சரிவில் 5 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொண்டால், எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 500 கி.கி. கூடுதலாக வேண்டும். மொத்தம் 3,000 கி.கி.

நம் வின்ச்சோ 4,300 கி.கி. இழுக்கும். கவலையில்லை என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்பட வேண்டாம்!

உருளையின் அடுக்குகள்

வின்ச்சில் எழுதியுள்ள விசை, உருளையில் ஒரே ஓர் அடுக்கு வடம் மட்டும் இருக்கும்போது கிடைப்பது. வடம் சுற்றச் சுற்ற அடுக்குகள் ஏறும், உருளை பருக்கும். மோட்டார் தரும் திருப்புத்திறன் மாறாது. திருப்புத்திறன் என்பது விசை, ஆரம் இவ்விரண்டின் பெருக்கற்பலன். எனவே ஆரம் கூடினால் விசை குறைந்தே தீரும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். உருளையின் விட்டம் 64 மி.மீ.; ஆரம் 32 மி.மீ. வடத்தின் தடிமன் 8 மி.மீ. இழுவிசை வடத்தின் நடுக்கோட்டில் செயல்படுவதால், முதல் அடுக்கின் ஆரம் 32 + 4 = 36 மி.மீ. ஒவ்வோர் அடுக்குக்கும் 8 மி.மீ. கூட்டிக்கொள்வோம்.

முதல் அடுக்கு: ஆரம் 36 மி.மீ., விசை 4,300 கி.கி.
இரண்டாம் அடுக்கு: ஆரம் 44 மி.மீ., விசை 3,520 கி.கி.
மூன்றாம் அடுக்கு: ஆரம் 52 மி.மீ., விசை 2,980 கி.கி.
நான்காம் அடுக்கு: ஆரம் 60 மி.மீ., விசை 2,580 கி.கி.

வடத்தின் நீளம் 30 மீட்டர். உருளையின் அகலத்தில் 28 சுற்றுகள் அமையும் என்று கொண்டால், முதல் அடுக்கில் 6 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், முதல் இரண்டு அடுக்குகளில் 14 மீட்டரும், மூன்றில் 23 மீட்டரும் அடங்கும். மரம் 9 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த 9 மீட்டர் வெளியே போனால், மீதி 21 மீட்டர் உருளையில் இருக்கும். அப்படியானால் இழுப்பு மூன்றாம் அடுக்கிலிருந்து நடக்கிறது. கிடைப்பது 2,980 கி.கி. தேவையோ 3,000! மோட்டார் முக்கி முனகி நின்றுவிடும். 4,300 கி.கி. என்ற எழுத்தை நம்பியவர் ஏமாந்துபோவார்.

முழு விசையும் கிடைக்கட்டும் என்று வடம் முழுவதையும் வெளியே விட்டுவிடலாமா? கூடவே கூடாது. உருளையில் எஃகு வடமானால் குறைந்தது 5 சுற்றுகளாவது இருக்க வேண்டும். வடத்தின் உள்முனையை உருளையோடு பிணைப்பது ஒரு சிறு திருகாணிதான், 4,000 கி.கி. விசையை அது தாங்காது. தாங்குவது சுற்றுகளின் உராய்வு. உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றும் இழுவிசையை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. 5 சுற்றுகளுக்குப் பின் 23இல் ஒரு பங்கு விசையே திருகாணியை அடைகிறது. வழுவழுப்பான செயற்கை இழை வடத்தில் உராய்வு குறைவு. ஆகவே அதற்கு 8 முதல் 10 சுற்றுகள் விட்டுவைக்க வேண்டும்.

கப்பி செய்யும் உதவி

கப்பிகளைப் பற்றி வகுப்பில் படித்தது இப்போது கைகொடுக்கிறது. மரத்தில் ஒரு கப்பியைக் கட்டுவோம். வின்ச்சிலிருந்து செல்லும் வடத்தைக் கப்பியைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, வண்டிச் சட்டத்தில் உள்ள உறுதியான மீட்புக் கொக்கியில் மாட்டுவோம். இதற்கான கப்பியின் பக்கத்தகடு திறக்கும்படி அமைந்திருக்கும். வடத்தின் நுனியைக் கோக்காமலே நடுவில் வைத்து மூடிவிடலாம்.

இப்போது வண்டியை இழுப்பவை இரண்டு வடங்கள். ஒவ்வொன்றிலும் 1,500 கி.கி. இருந்தாலே மொத்தம் 3,000 கி.கி. ஆகிவிடும். வெளியே செல்லும் வடம் 18 மீட்டர். உருளையில் மீதி 12 மீட்டர். எனவே இழுப்பு இரண்டாம் அடுக்கிலிருந்து நடக்கும். அந்த அடுக்கில் வின்ச்சால் 3,520 கி.கி. தர முடியும், நமக்கு வேண்டியதோ 1,500. கப்பியின் உராய்வில் சிறிது வீணானாலும் போதிய மிச்சம் இருக்கிறது. இதற்கு விலை வேகம்: வின்ச் 2 மீட்டர் சுற்றினால் வண்டி 1 மீட்டர்தான் நகரும். விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுக்கிறோம்.

கழற்றி மாட்டும் வின்ச்சுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. குறுக்காணியிலும் சதுரக் குழாயிலும் விழும் விசை இப்போது 3,000 அன்று, 1,500தான். மறுபாதியைச் சட்டத்தின் கொக்கி சுமக்கிறது. ஐயத்துக்குரிய கண்ணியின் சுமை பாதியாகிவிட்டது! ஆனால் மரத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டு வடங்களின் இழுப்பும் சேர்ந்து அதன்மேல் 3,000 கி.கி. விழுகிறது. அதனால்தான் மரத்தில் மெல்லிய கம்பிவடத்தைச் சுற்றாமல் அகலமான பட்டையைச் சுற்றுகிறார்கள். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். மரப்பட்டைக்கு அடியில்தான் இலைகள் சமைத்த உணவு கீழே செல்லும் திசு இருக்கிறது. கம்பி அதைச் சுற்றிலும் அறுத்துவிட்டால், நம்மைக் காப்பாற்றிய மரம் நின்றபடியே பட்டுப்போகும்.

நேராக இழுத்தால் நண்பன், கோணலாக இழுத்தால் பகைவன்

வடம் வண்டிக்கு நேராகச் சென்றால் குறுக்காணி இரண்டு இடங்களில் வெட்டப்பட்டாலன்றி உடையாது. 16 மி.மீ. ஆணியின் குறுக்குவெட்டுப் பரப்பு 201 சதுர மி.மீ. இரண்டு வெட்டுகளுக்கும் 402. சதுர மி.மீட்டருக்கு 25 கி.கி. தாங்கும் எஃகாக இருந்தால் மொத்தம் 10,000 கி.கி. தாங்கும். சிற்றாணிக்குள் எத்தனை வலிமை!

வடம் பக்கவாட்டில் 30° சாய்ந்து செல்லும்போது நிலைமை மாறுகிறது. இழுவிசை 3,000 கி.கி. என்றால், அதில் பாதி, அதாவது 1,500 கி.கி., பக்கவாட்டில் செயல்படும். வடம் வெளிவரும் வாய், குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. திருப்புத்திறன் 1,500 × 0.3 = 450 கி.கி. மீட்டர். குழாய்க்குள் செருகியுள்ள தண்டு 15 செ.மீ. நீளமே இருந்தால், இந்தத் திருப்பத்தைத் தடுக்கக் குழாயின் சுவர்கள் 450 ÷ 0.15 = 3,000 கி.கி. விசையோடு எதிர்த்து நிற்க வேண்டும். அதுவும் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு இடங்களில். பின்னால் நேராக இழுப்பதற்கென்று அமைத்த குழாய்க்கு இது பெருஞ்சோதனை. குழாயின் வாய் விரியலாம், பற்றவைப்பு பிளக்கலாம், தண்டு வளையலாம். ஆணியைத் தட்டித் தட்டிப் பார்த்தாலும் பிறகு கழற்ற வராது.

எனவே இந்த வின்ச்சை நேர்க்கோட்டிலேயே பயன்படுத்த வேண்டும். மரம் பக்கத்தில் இருந்தால், நேரே உள்ள வேறொரு மரத்தைத் தேடுவதே நலம்.

400 ஆம்பியர் ஓடும் கம்பி

முழுச் சுமையில் இத்தகைய வின்ச் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 400 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். மின்திறன் 12 × 400 = 4,800 வாட். வேலையாக வெளிவருவது எவ்வளவு? 4,300 கி.கி. விசை ஏறத்தாழ 42,000 நியூட்டன். வடம் நிமிடத்துக்கு 2 மீட்டர் நகர்ந்தால், வினாடிக்கு 1/30 மீட்டர். பெருக்கினால் 1,400 வாட். மிச்சம் 3,400 வாட் வெப்பமாக மாறி மோட்டாரையும் கம்பிகளையும் சுடவைக்கிறது. மூன்று மின்சலவைப் பெட்டிகளை ஒரு சிறு உறைக்குள் அடைத்தது போல! ஆகவே சிறிது நேரம் இழுத்து, சிறிது நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வின்போது எஞ்சினை ஓடவிட வேண்டும். வண்டியின் மின்னாக்கி தரும் நூறு ஆம்பியர் அளவு மின்னோட்டம், மின்கலம் இழந்ததைச் சிறிது சிறிதாக ஈடுசெய்யும்.

மின்கலம் முன்னால், வின்ச் பின்னால். எனவே நீண்ட கம்பி வேண்டும். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 67 சதுர மி.மீ. குறுக்களவுள்ள செம்புக் கம்பியானால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.0026 ஓம். 400 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வீணாகும். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்க 16 சதுர மி.மீ. கம்பியைப் போட்டால் 4 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். மோட்டார் திணறும், கம்பியின் உறை உருகும், தீயும் பற்றலாம். கழற்றி மாட்டும் மின்செருகியும் இதே அளவு மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். அதன் முனைகளில் சேறும் நீரும் புகாதவாறு மூடிவைப்பது இன்றியமையாதது.

வடம் அறுந்தால்?

இழுத்துக் கட்டிய எஃகு வடம் அசையாமல் நிற்கிறது. பார்ப்பவர்க்கு அதில் ஆபத்து எதுவும் தெரியாது. ஆனால் அது ஓர் இழுபட்ட சுருள்வில். 20 மீட்டர் வடம் 4,000 கி.கி. விசையில் நூற்றில் ஒரு பங்கு நீண்டால் 20 செ.மீ. நீள்கிறது. அதில் தேங்கும் ஆற்றல், விசை × நீட்சி × ½, அதாவது ½ × 40,000 × 0.2 = 4,000 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 128 ஜூல். அப்படிப்பட்ட 31 பந்துகள் ஒரே நேரத்தில் பாய்வதை எண்ணிப்பாருங்கள்!

வடம் அறுந்தால் மட்டுமன்று. எந்தக் கண்ணி உடைந்தாலும் இந்த ஆற்றல் விடுபடும். உடைந்த துண்டே எறிபடையாகும். தொடர்வண்டி மாட்டும் இரும்புக் குண்டில் வடத்தை மாட்டி இழுத்து, குண்டு உடைந்து பறந்ததால் ஆஸ்திரேலியாவில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. அந்தக் குண்டு இதற்காகச் செய்யப்பட்டதே அன்று. கழற்றி மாட்டும் வின்ச்சிலோ, குறுக்காணி சரியாகப் பூட்டப்படாமல் நழுவினால், பறப்பது ஒரு துண்டு அன்று, 40 கி.கி. வின்ச் முழுவதும்!

ஆகவே சில விதிகளை மீறவே கூடாது. இழுக்கும்போது வடத்தைத் தாண்டக் கூடாது. வடத்தின் நேரிலும், கப்பியில் மடங்கும் வடத்தின் உட்பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்ப்போர் வெளியே உள்ள வடத்தின் நீளத்துக்குக் குறையாத தொலைவில் ஒதுங்கி நிற்க வேண்டும். வடத்தின் நடுவில் கனத்த போர்வையையோ ஈரச் சாக்கையோ போட்டுவைக்க வேண்டும். வடம் அறுந்தால் அந்த எடை அதைத் தரையை நோக்கி இழுத்து வேகத்தைத் தணிக்கும். கொக்கியை விரலால் பிடித்து உருளைவரை கொண்டுசெல்லாமல் ஒரு துண்டுப் பட்டையால் பிடிக்க வேண்டும். தடித்த தோல் கையுறை அணிய வேண்டும். அறுந்த எஃகு இழைகள் ஊசிபோலக் குத்தும்.

இப்போது பலர் எஃகுக்குப் பதிலாக மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலித்தீன் இழையாலான வடத்தைப் பயன்படுத்துகிறார்கள். டைனீமா என்பது அவ்வகை இழை ஒன்றின் வணிகப் பெயர். 8 மி.மீ. எஃகு வடம் 30 மீட்டருக்கு 7 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். இந்த வடம் ஒன்றரைக் கிலோகிராமைத் தாண்டாது. தண்ணீரில் மிதக்கும். எடை குறைவாதலால் அறுந்து வீசும்போது அடியின் கடுமையும் குறைவு. ஆனால் கூரிய பாறை இதை அறுத்துவிடும். 150° செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். அதற்கும் வெகு முன்பே வலிமை இழக்கத் தொடங்கும். ஆபத்து குறைவு என்பதற்கு ஆபத்தே இல்லை என்று பொருளன்று.

வண்டி கரையேறுகிறது

இனி நம் வண்டிக்குத் திரும்புவோம். முதலில் மண்வெட்டியால் சக்கரங்களுக்குப் பின்னுள்ள சேற்றை வெட்டி எடுக்கிறோம். நம் 3,000 கி.கி. கணக்கில் பல நூறு கிலோகிராமை ஒரு மண்வெட்டி குறைத்துவிடும்! பின்பக்கக் குழாயைக் கழுவி, வின்ச்சைச் செருகி, குறுக்காணியை நுழைத்து, அது நழுவாதபடி அதன் நுனியில் கொக்கி ஊசியைப் பூட்டுகிறோம். மின்செருகியை இணைக்கிறோம். மரத்தில் பட்டை, பட்டையில் லாட இணைப்பு, அதில் கப்பி. வடம் போய்த் திரும்பி வந்து சட்டத்தின் கொக்கியில் மாட்டப்படுகிறது. நடுவில் போர்வை. வடம் நேராக இருக்கிறதா? உருளையில் போதிய சுற்று இருக்கிறதா? எல்லோரும் ஒதுங்கிவிட்டார்களா?

வடம் மெல்ல இறுகுகிறது. இறுகியதும் நிறுத்தி ஒவ்வோர் இணைப்பையும் தொலைவிலிருந்தே மறுபடி பார்க்கிறோம். பிறகு விசையை அழுத்துகிறோம். சேறு உறிஞ்சும் ஓசையோடு சக்கரங்கள் விடுபட, நிமிடத்துக்கு ஓரிரு மீட்டராக வண்டி பின்னால் ஏறுகிறது.

இதில் மோட்டாரின் பெருமை பாதிதான். மறுபாதி, விசையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்த நம் சிந்தனைக்கு உரியது. நெம்புகோலும் கப்பியும் நியூட்டன் விதியும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அவை தெரிந்தவன் எங்கே நிற்கக் கூடாது என்பதை அறிந்தவன்.

செய்து பாருங்கள்

1. இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு வழுவழுப்பான கம்பை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கட்டும். கயிற்றின் ஒரு நுனியை ஒரு கம்பில் கட்டி, இரண்டு கம்புகளையும் மாறி மாறிச் சுற்றி, மறுநுனியை நீங்கள் மெதுவாக இழுங்கள். அவர்கள் எவ்வளவு முயன்றாலும் கம்புகள் நெருங்கிவரும். சுற்றுகளைக் கூட்டினால் என்ன நேர்கிறது?

2. ஒரு பென்சிலை அசையாமல் பிடித்து, அதன்மேல் நூலைப் போட்டு, ஒரு நுனியில் பூட்டையும் மறுநுனியில் அழிப்பானையும் கட்டுங்கள். பூட்டு கீழே இறங்கிவிடும். நூலைப் பென்சிலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். எத்தனையாவது சுற்றில் சிறிய அழிப்பான் கனமான பூட்டைத் தாங்குகிறது?

சிந்தித்து விடை கூறுங்கள்

அ. 2,000 கி.கி. வண்டி ஒன்று சமதரையில் மட்கார்டு வரை சேற்றில் புதைந்துள்ளது. மேலே கூறிய வின்ச்சால் ஒற்றை வடத்தில், இரண்டாம் அடுக்கிலிருந்து இழுக்க முடியுமா?

ஆ. ஒற்றைக் கப்பியோடு இழுக்கும்போது வடத்தின் இழுவிசை 2,000 கி.கி. மரத்தின்மேல் விழும் விசை எவ்வளவு?

விடைகள்: அ. வேண்டிய விசை 4,000 கி.கி.; இரண்டாம் அடுக்கில் கிடைப்பது 3,520 கி.கி. ஆகவே முடியாது. கப்பியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு வடத்துக்கும் 2,000 கி.கி. போதும். ஆ. ஏறத்தாழ 4,000 கி.கி.